மூன்றாம் படியில் ஒரு காலி இடம்

"நகர்த்தலேன்னா நகர்த்தலேடி. செட்டியாரை நகர்த்தி எனக்கென்ன ஆகணும்?"

"பின்னே அவரே எழுந்து நடந்தாரா? பொய் சொல்றதுக்கு நாள் கிழமை வேண்டாமா?"

பெங்காலி தேசத்து லேக் மார்க்கெட் பக்கத்தில், அந்தக் கட்டடத்தில் விஜயலக்ஷ்மி வாயைத் திறந்தால் தெருமுனை பான் கடை வரை கேட்கும். நவராத்திரிக்கு நவராத்திரி கணவர் திருவேங்கடத்துக்கு அர்ச்சனை உண்டு. இந்தத் தடவை காரணம் செட்டியார். கொலுவின் மூன்றாம் படியில் கடை பரப்பியிருக்கும் செட்டியார் பொம்மை, எத்தனை சரிசெய்து வைத்தாலும், தினமும் காலையில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இன்னொரு பொம்மைக்கு இடம்.

"மெட்ரோ ஓடறதோல்லியோ, அதிர்றது" என்றார் திருவேங்கடம்.

மற்ற பொம்மைகளை மெட்ரோ ஏன் விட்டுவைத்தது என்று அவள் கேட்கவில்லை. அந்த இடம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

எதிர்வீட்டு மாதவியுடையது. தமிழ்ச் சங்கத்தின் கொலுப் போட்டியில் வருஷா வருஷம் இவர்கள் இருவர்தான். தோற்றால் மாதவி கேசரி கிளறி எடுத்துக்கொண்டு வருவாள். "அழகா வெச்சிருக்கே விஜி, அடுத்த வருஷம் உன்னை விடமாட்டேன்" என்று சிரிப்பாள். விஜயலக்ஷ்மி தோற்றால் தீபாவளி வரை கதவு திறக்காது. நடுவர்கள் வருமுன் மாதவி ஓடிவந்து இவள் வீட்டு சீரியல் பல்பைச் சரிசெய்து கொடுத்ததைக்கூட உளவு பார்ப்பதாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

போன வருஷம் மாதவி படுத்த படுக்கை. குமார்துலி பொம்மைக்காரர்களிடம் சொல்லிச் செய்த தன் சரஸ்வதியை மகள் ஸ்னேகாவிடம் கொடுத்தனுப்பினாள். "கொலு நிக்கப்படாது. உன் மூணாம் படியில ஓரமா வெச்சுக்கோ" என்று கூடவே ஒரு சேதி. அகலக் கண்ணும் பெங்காலி முகமுமாக அது இருந்த அழகைப் பார்த்தால் நடுவர்கள் வேறெதையும் பார்க்கமாட்டார்கள். பரிசு இவளுக்கு, பேர் மாதவிக்கு. விஜயலக்ஷ்மி அதைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டாள். முதல் பரிசு வாங்கினாள். "வெச்சேன், எல்லாரும் பார்த்தா" என்று படுக்கையருகே போய்ச் சொல்லியும் வந்தாள். கார்த்திகையில் மாதவி போய்விட்டாள்.

இன்று சாயங்காலம் நடுவர்கள் வருகிறார்கள். எதிர்வீட்டில் துக்க வருஷம், கொலு இல்லை. விஜயலக்ஷ்மி ஸ்டூல் போட்டு ஏறிச் சரஸ்வதியை இறக்கினாள். செட்டியார் பக்கத்தில் வைத்தாள். அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. அப்படியே விட்டால் பரிசு நிச்சயம், கேட்க ஆளில்லை. ஆனால் அந்தக் கண்கள் இவள் போகும் பக்கமெல்லாம் திரும்பின. பொம்மையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

"ஓ மா, இத்தனை தூசி! பரண்லயா இருந்தது மாமி?" என்றாள் ஸ்னேகா.

"கொலுவில வெக்கலேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் வெத்தலை பாக்குக்கு வந்தேனே, படியில இல்லை. அம்மாகிட்ட சொன்னேன்."

"மாதவி என்ன சொன்னா?"

"சிரிச்சா. 'படுத்துண்டு இருக்கறவளைப் பார்த்தும் விஜிக்கு பயமாடி? பாவம், கேட்டுடாதே'ன்னா."

நடுவர்கள் வந்தபோது சரஸ்வதி எதிர்வீட்டில் ஸ்னேகாவிடம் இருந்தாள்; மூன்றாம் படியில் காலி இடம் அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டார்கள். "அது ஒருத்தி இடம்" என்றாள். பரிசு ஒரு பேங்க் மேனேஜர் வீட்டுக்குப் போயிற்று. விஜயலக்ஷ்மி வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்தவர்கள் வீட்டுக்குக் கேசரி எடுத்துப் போனாள். சர்க்கரை கம்மி என்று கேள்வி.

தை மாதம் ஸ்னேகா, கூட வேலை பார்க்கும் ரஞ்சனைக் கல்யாணம் செய்துகொண்டு டாலிகஞ்ச் போய்விட்டாள், சரஸ்வதியோடு. எதிர்வீட்டை ஒரு பெங்காலிக் குடும்பம் வாங்கிவிட்டது. செட்டியார் மட்டும் நவராத்திரிதோறும் ஒரு சாண் தள்ளித்தான் உட்கார்கிறார். விஜயலக்ஷ்மி இப்போதெல்லாம் திருவேங்கடத்தைத் திட்டுவதில்லை.