ஜண்டைக்கு வைத்த பொட்டு

மலை நகராது என்பார்கள். விதுராவுக்கு மேலே, சர்க்கார் காட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நடுவே இருந்த எல்லை நகர்ந்தது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் காட்டுக்குள் கொஞ்சம் போகும்; தோட்டத்தை நோக்கி ஒருநாளும் வந்ததில்லை. எல்லை என்பது கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய குவியல். ஜண்டை என்று பெயர். தோட்டத்துக் கங்காணி ஆறுமுகநயினார் ஆட்களோடு வந்து அதைப் பெயர்த்து உள்ளே தள்ளி வைப்பார். பின்னாலேயே தேயிலை வரும்.

இதைத் தடுக்க அனுப்பப்பட்டவர் ரேஞ்சர் நாகேஸ்வரன். கிழக்கேகோட்டை அக்கிரகாரத்துக்காரர். வனச் சட்டம் முழுவதும் மனப்பாடம். யானை எதிரே வந்தாலும் அதைச் சொல்லித்தான் வழி கேட்பார். மேலதிகாரி பார்வையிட வரும்போது ஜண்டை இன்னொரு தரம் நகர்ந்திருந்தால், அவருக்கு மறுபடி ஆபீஸ் குமாஸ்தா வேலைதான். அந்த மனிதருக்கோ காட்டின் மேல் நிஜமாகவே ஆசை. அண்ணாந்து மரம் பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டவர்.

பிறர் கைச் சமையல் ஆகாது என்பதால் மனைவி வாலாம்பாளும் முகாமுக்கு வந்திருந்தாள். காட்டை ரேஞ்சர் காத்தார். ரேஞ்சரை ரசம் காத்தது.

ஜண்டையைப் பழைய இடத்திலேயே கட்டி, வெள்ளையடித்து, நம்பர் எழுதிவிட்டு வந்தார் நாகேஸ்வரன். மறுநாள் ஓடையில் குளித்துத் திரும்பிய வாலாம்பாள் அதைப் பார்த்தாள். காட்டில் மரத்தடியில் வெள்ளைவெளேரென்று கல் இருந்தால் சாஸ்தா அல்லாமல் வேறு யார்? பொட்டு வைத்து, பூப்போட்டு, விளக்கும் ஏற்றிவிட்டாள்.

நாகேஸ்வரன் பதறி ஓடினார். “அடியே, என்ன காரியம் பண்ணினே! இது சர்க்கார் கல்லு!”

“இருந்துட்டுப் போகட்டுமே. மகாராஜாவே எழுதிக் குடுத்தப்புறம் சர்க்காரே பத்மநாபஸ்வாமியோடதுதானே?”

“நம்பர் போட்டிருக்கேனே, பாக்கலையா?”

“பாத்தேன். ஸ்வாமிக்கு நம்பர் போட்டது எந்த அசடுன்னு நெனச்சேன். நீங்கதானா?”

பொட்டை அழிக்க அவர் துண்டை எடுப்பதற்குள் ஆறுமுகநயினார் ஆட்களோடு வந்துவிட்டார். விளக்கைக் கண்டதும் ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டார்கள்.

“ஏமானே, சாஸ்தா எப்பம் இங்க வந்தாரு?” என்று ரேஞ்சரைக் கேட்டார் கங்காணி.

நாகேஸ்வரன் தொண்டையைச் செருமினார். சட்டத்தில் ஒரு பிரிவு உதடு வரை வந்தது. வெறும் கல் என்று சொன்னால் உண்மை நிற்கும்; காடு நிற்காது. வாயை மூடிக்கொண்டார். அவருடைய உத்தியோகத்தில் அவர் செய்த ஆகச் சிறந்த காரியம் அதுதான்.

“அவர் எங்கேயும் வரலை,” என்றாள் வாலாம்பாள். “இங்கேயேதான் இருக்கார். நீங்கள்ளாம்தான் வருஷா வருஷம் அவரைத் தூக்கிண்டு அலைஞ்சிருக்கேள்.”

கங்காணிக்கு வேர்த்துவிட்டது. “அம்மா, தோட்டத்துத் தொர சொல்லித்தான் செஞ்சேன்.”

“துரைக்கும் சேத்து நீங்களே விழுந்து கும்பிட்டுடுங்கோ.”

மேலதிகாரி வந்தபோது ஜண்டை வைத்த இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் தேங்காய் மூடிகள். வனச் சட்டத்தைக் கண்டிப்பாக நிறைவேற்றியதற்காக ரேஞ்சரை அவர் வெகுவாகப் பாராட்டினார். நாகேஸ்வரன் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். மனைவியின் சாமர்த்தியத்துக்குப் பாராட்டு வாங்குவது கணவன்மாருக்குப் பழக்கம்தானே.

மேலதிகாரியின் குதிரை வளைவில் மறைந்ததும், நாகேஸ்வரன் ஜண்டையை வலமாகச் சுற்ற ஆரம்பித்தார்.

“ஏன்னா, என்ன பண்றேள்?”

“எல்லையை நாலு பக்கமும் செக் பண்றேன்.”

“பூட்ஸைக் கழட்டிட்டுச் செக் பண்ணுங்கோ.”

கழற்றினார்.