கொலைப் படத்துக்குள் குடியேறிய குரல்

சூடை மீன் விலை இறங்கிய கிழமையில் மருதமுனை பஹ்மிதாவின் குரல் அவளை விட்டுப் போய், ஒரு பழைய படத்தில் வரும் மரப்பொம்மைக்குள் குடியேறியது. கல்முனையில் மர்சூக் நடத்திய சின்னக் கேபிள் தொலைக்காட்சியில் புடைவைக் கடை விளம்பரத்திலிருந்து மரண அறிவித்தல் வரை குரல் கொடுத்து வந்தவள் அவள். மர்சூக் எங்கேயோ தேடிப்பிடித்த கறுப்பு வெள்ளைப் படம் அது, வேற்றுப் பாஷை, கொலையும் சிரிப்பும் கலந்தது. உதடு அசைக்காமல் பொம்மையைப் பேசவைக்கும் வித்தைக்காரன் ஒருவன், அவன் மடியில் துடுக்கு வாய்ப் பொம்மை. பங்களா விருந்தொன்றில் பணக்காரர் சூப்புக் கோப்பைக்குள் முகம் குப்புற விழுந்து சாகிறார். சற்று முன்னர்தான் பொம்மை அவரைத் திட்டியிருந்ததால் இன்ஸ்பெக்டரின் சந்தேகம் பொம்மை மேல் விழுகிறது. இதை நம்மூர்ப் பேச்சில் போட்டால் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும் என்று மர்சூக் நினைத்தது பிழையில்லை. பொம்மைக்குப் பஹ்மிதா பேசினாள். கடைசி வசனத்தை முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

தொண்டையில் ஒரு பழுதுமில்லை என்று டொக்டர் சொன்னார். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு படம் ஒளிபரப்பானபோது வித்தைக்காரனின் மடியிலிருந்த பொம்மை பேசிக்கொண்டிருந்த வசனத்தை நிறுத்தி, திரைக்கு வெளியே பார்த்து, "உம்மா, அடுப்புல பால் பொங்குது" என்றது. தாய் சபூறா குசினிக்கு ஓடினார். பால் பொங்கித்தான் இருந்தது. பஹ்மிதா அந்த வித்தைக்காரனைப் போலவே உதடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஊர் இதற்குப் பழக அதிக நாள் எடுக்கவில்லை. மர்சூக் வெள்ளிதோறும் படத்தைப் போட்டார். அவள் கிழமை முழுக்கச் சேர்த்து வைத்ததை அன்று பேசினாள். தொண்டையில் குரல் இருந்த காலத்தில் பாதியை விழுங்கியே பழகியவள் அவள். மரவாய்க்கு விழுங்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டார் கழிவுத் தண்ணீரைத் தெரு ஒழுங்கைக்குள் விட்டதை ஒரு வெள்ளியில் பொம்மை சொன்னது. அடுத்த வெள்ளிக்குள் அவர்கள் குழி வெட்டினார்கள். குரல் திரும்பி வரவேண்டுமென்று சபூறா நேர்ச்சை வைக்கப் போனபோது பஹ்மிதா கையைப் பிடித்துத் தடுத்தாள்.

வாப்பா மௌத்தான பிறகு வீட்டுப் பொறுப்பு மூத்தவர் முனாஸிடம் வந்திருந்தது. அவர் ஒலுவிலில் படகு வைத்திருக்கும் ஷிப்லிக்குத் தங்கையைப் பேசி முடித்துவிட்டு வந்தார். அவள் ஃபோனில் 'எனக்கு வேணாம்' என்று எழுதி நீட்டினாள். "ஃபோன்ல எழுதுறதெல்லாம் ஒரு பேச்சா?" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு தன்னோடு கூடப்படித்த மர்சூக்கிடம் போய், மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள், கல்யாணம் முடியும்வரை படத்தை நிப்பாட்டு என்றார். படம் நின்றது. குரல் போன அன்று அழாத பஹ்மிதா அந்த வெள்ளிக்கிழமை அழுதாள்.

நிக்காஹ் அன்று காலை மர்சூக்குக்கு ஒரு வரி அனுப்பினாள்: 'நீங்க படத்த நிப்பாட்டினது என்ட வாயப் பொத்தின மாதிரி.' பதில் வரவில்லை. வீடு நிறைந்தது, வட்டிலப்பம் வெட்டி அடுக்கியாயிற்று. கல்யாணப் பதிவுகார ஹஸறத் சாட்சிகளோடும் முனாஸோடும் உள்ளே வந்து, ஷிப்லிக்கு நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று முறைப்படி கேட்டார். பஹ்மிதா தலையை ஆட்டி மறுத்தாள்.

"வெக்கத்துல ஆட்டுறா. பொண்ணு பேசாம இரிந்தா அதுதானே சம்மதம்" என்றார் முனாஸ்.

"ஓம், அது வாய் உள்ள புள்ளைக்கு" என்று ஹஸறத் யோசித்தார். "இவட வாய் எங்க இரிக்கி?"

மகன் சொல்லைத் தட்டியே அறியாத சபூறா எழுந்தார். "டீவிக்குள்ள இரிக்கி, ஹஸறத்" என்று சுவிட்சைப் போட்டார்.

திரையில் புடைவைக் கடை விளம்பரம் ஓடியது. அது பாதியில் அறுந்து, இன்ஸ்பெக்டர் பொம்மைக்கு விலங்கு மாட்டப் போகும் இடத்திலிருந்து படம் தொடங்கியது. தான் அனுப்பிய வரியை மர்சூக் வாசித்திருக்கிறார் என்று பஹ்மிதாவுக்கு விளங்கியது; நெஞ்சு நிமிர்ந்தது. ஹஸறத் தொப்பியைச் சரிசெய்து, திரைக்கு முன்னால் அமர்ந்து, அதே கேள்வியை அதே மரியாதையோடு கேட்டார்.

"சம்மதமில்ல, ஹஸறத்" என்றது பொம்மை. "ஷிப்லி நல்ல மனிசன் எண்டு சொல்றாங்க. இரிக்கலாம். முனாஸ் காக்கா என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கல்ல. நான் பேசாம இரிந்தது வாய் இல்லாததால. விருப்பத்தால இல்ல."

ஒளிபரப்பு ஆனபடியால் பாண்டிருப்பிலிருந்து நிந்தவூர் வரை கேட்டது. முனாஸ் சுவிட்சுக்குப் பாய்ந்தார். வாசலில் மாப்பிள்ளை உடுப்போடு வந்து நின்ற ஷிப்லி, "விடுங்க, அவ பேசி முடிக்கட்டும்" என்றார். பேசி முடித்ததும் ஸலாம் சொல்லி, வந்த வாகனத்திலேயே திரும்பினார். ஹஸறத் புத்தகத்தை மூடினார். படத்தில், பொம்மை பேசி முடிக்கும்வரை விலங்கோடு மரியாதையாகக் காத்து நின்றார் இன்ஸ்பெக்டர். அந்த இடைவெளியில் உண்மையான கொலைகாரனான சமையற்காரன் ஜன்னலால் குதித்து ஓடிவிட்டான். அன்றிலிருந்து அந்தப் படத்தில் அவன் பிடிபடுவதில்லை. சனம் அதற்கும் சிரிக்கப் பழகியது. ஹஸறத்தும் அதன் பிறகு பெண்ணின் வாயிலிருந்து ஓம் என்று கேட்காமல் எந்த வீட்டிலும் பேனையைத் திறப்பதில்லை. தகப்பன்மார் முணுமுணுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

முனாஸ் அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். மாரிக்காலம் வந்து போனது. பிறகொரு வெள்ளிக்கிழமை, படம் ஓடும் நேரத்தில் வந்தார், தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் பொம்மையைப் பார்த்து, "கோவமா?" என்றார்.

"இரிந்திச்சு" என்றது பொம்மை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

பஹ்மிதா எழுந்து போய் ஊற்றிக்கொண்டு வந்தாள். சீனி காணாது என்றார் முனாஸ். வேணுமெண்டால் போட்டுக்கொள்ளச் சொன்னது பொம்மை. அவர் எழுந்து போய்ப் போட்டுக்கொண்டார்.