எட்டு நிமிட ஆட்டக்காரர்

மருமகன் கரெத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆதித்தனுக்கு எரிச்சலாக வந்தது. வேல்ஸ் நாட்டில் பதினோரு வருடம் சம்பளத்துக்கு ரக்பி ஆடினானாம். நாட்டுக்காக ஆடியது ஒரே ஒரு தடவை, அதுவும் மாற்று ஆளாகக் கடைசி எட்டு நிமிடம். முழங்கால் போனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் நசுங்கிய காதும் கோணல் மூக்கும். அங்கே நர்ஸ் வேலைக்குப் போன மகள் இவாஞ்சலின் கண்ணுக்கு இதுதான் ஆம்பளையாகத் தெரிந்திருக்கிறது.

தேனியில் வரவேற்பு. ஃப்ளெக்ஸ் வைக்காவிட்டால் கடைவீதியில் ஒரு இரும்புக்கடைக்காரருக்கு என்ன மரியாதை? பலாப்பழத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி கரெத் பந்தை அணைத்திருந்த படத்தை ஃப்ளெக்ஸ் கடைக்காரர் முன்னால் தூக்கிப் போட்டார்.

"பந்த எடுத்துட்டு கையில கிரிக்கெட் மட்டைய வச்சு விடுப்பா. வேல்சுன்னா இங்கன எவனுக்குத் தெரியும்? இங்கிலாந்து வீரர்னு போடு."

மண்டப வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ் முன்னால் நின்ற கரெத், மட்டையைப் பார்த்துச் சிரித்தான். இவாஞ்சலின் எழுத்தைப் படித்துச் சொன்னதும் சிரிப்பு நின்றது. மூக்கைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"மாப்ளைக்கு இதுல என்ன குறையாம்?" என்றார் ஆதித்தன்.

"அந்த எட்டு நிமிசமும் இங்கிலாந்த எதுத்துத்தான் ஆடுனாகப்பா. மூக்க உடச்சு விட்டதும் அவிங்கதான்."