லிஃப்ட் கணக்கு

பாடத்திட்டம் ஏதுமின்றி மகளுக்கு வீட்டிலேயே நான் கற்பித்து வந்தேன். ஆசிரியையான என் நாத்தனார் சோதித்துக் குறை சொன்னால், திங்கட்கிழமையே அவளைப் பள்ளியில் சேர்ப்பதாகக் கணவர் கூறியிருந்தார்.

நாத்தனார் மேசைமீது நான்கு பென்சில்களை வரிசையாக வைத்தார்.

"எண்ணு, செல்லம்."

"தரை, ஒண்ணு, ரெண்டு, மூணு."



"பிரமாதமா சொல்லிக் குடுத்திருக்கே, போ," என்றார் நாத்தனார்.

"லிஃப்ட்ல கத்துக்கிட்டா, அக்கா," என்றேன் தயங்கியபடி.

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு பென்சிலை வைத்தார். "இது எந்த மாடி?"

"நாலு. நம்ம வீடு."

"அங்கேருந்து மூணு மாடி எறங்கினா?"

மகளின் விரல் பென்சில் பென்சிலாக மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது.

"ஒண்ணு, அத்தை."

நாத்தனார் கைப்பேசியை எடுத்தார். "தம்பி, திங்கக்கிழமை வேணாம். இவளுக்குக் கழித்தலே வருதுடா."