ஐந்து மீட்டர் விங்

பார்த்து எடுக்க வந்திருந்த மூன்று விங்குகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, மீதி இரண்டையும் மதியம் மூன்று மணிக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். சென்னையிலிருந்து வருகிற வேன் காத்திருக்காது. அந்த அவசரத்தில்தான் செல்வகுமாரி காலை பத்து மணிக்கே, கரைக்காற்றில், மூர்த்திக்குப்பம் கடலில் இறங்கினாள்.

வழக்கமாகக் கடல்காற்றில்தான் பழகுவாள். மதியத்துக்கு மேல் கிளம்பும் அந்தக் காற்று, விழுந்தாலும் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆடி மாதத்துக் காலைக் காற்று அப்படியில்லை. மேற்கே பாகூர் வயல்களைத் தாண்டி வந்து, கிடைத்ததையெல்லாம் கடலுக்குள் தள்ளும்.

"கரையோரமாவே ஓட்டு. நூறு மீட்டர் தாண்டாத," என்றான் பிரிட்டோ. அரியூர்க்காரன். வில்லியனூரில் வைத்திருந்த டயர் கடையை மூடிவிட்டு, இந்தக் கடற்கரையில் விங்ஃபாயில் பயிற்சி நிலையம் தொடங்குகிறான். சொல்லித்தரப் போகிறவள் செல்வகுமாரி, குருவிநத்தத்துக் கரும்பு விவசாயியின் மகள்.

விங் என்பது காற்றடித்த குழாயில் கட்டிய பாய். கையில் பிடித்துப் பலகையில் நின்றால் காற்று இழுத்துப் போகும். பலகைக்கு அடியில் தண்ணீருக்குள் இருக்கும் ஃபாயில், வேகம் வந்ததும் விமானத்தின் சிறகு மாதிரி ஆளையும் பலகையையும் சேர்த்து மேலே தூக்கும்.

ஆறு மீட்டர் விங் மெல்லிய காற்றிலும் தூக்கியது, ஆனால் அதன் நுனி தண்ணீரில் இடறிக்கொண்டே இருந்தது. நாலு மீட்டர் லேசுதான், காற்று குறைந்தால் நகரவே மறுத்தது. எல்லாக் காற்றுக்கும், புதிதாகக் கற்கிற எல்லாக் கைக்கும் ஒத்துப்போகிற ஒன்று வேண்டும். மிச்சமிருந்தது ஐந்து மீட்டர்.

பிரிட்டோ பம்ப் அடித்தான். அழுத்தம் காட்டும் முள் ஐந்தைத் தொட்டதும் நிறுத்தினான்.

"விங்குல ஏழு அடிக்கணும்னு போட்டிருக்குதுண்ணா."

"மண்ணு கொதிக்குது பார். வெயில்ல காத்து பொங்கும்மா. எத்தினி டயர் வெடிச்சிப் பார்த்திருக்கேன்! எனக்கே காத்தடிக்கக் கத்துத் தரியா?"

அவள் சிரித்தாள். அதோடு விட்டுவிட்டாள்.

அந்த விங் அற்புதமாக இருந்தது. அதுதான் வினை. மூன்றே இழுப்பில் பலகை தண்ணீரை விட்டு எழுந்தது. சத்தமே இல்லை. தோளில் வலியில்லை. நினைத்த பக்கம் திரும்பியது. இதுதான், இதேதான் என்று மனசு கூவியது.

திரும்பிப் பார்த்தாள். சவுக்குத் தோப்பு பச்சைக் கோடாகத் தெரிந்தது.

நூறு மீட்டரா? ஒரு கிலோமீட்டர் இருக்கும்!

சட்டென்று கரைப்பக்கம் திருப்பினாள். எதிர்க்காற்று. ஒரே வீச்சு. முன்குழாய் நடுவில் மடங்கி, பாய் முகத்தில் அறைந்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது.

இருமிக்கொண்டே பலகைமேல் ஏறினாள். விங்கைத் தூக்கினாள். மடங்கியது. மறுபடி தூக்கினாள். மறுபடி மடங்கியது. கட்டைவிரலால் குழாயை அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போனது.

சுடுமணலில் கல் மாதிரி இருந்த குழாய்! தண்ணீரில் குளிர்ந்ததும் உள்ளே இருந்த காற்று சுருங்கிவிட்டது. ஐந்து அடித்தது இப்போது நாலு கூட இருக்காது.

விசிலை எடுத்து ஊதினாள். அந்தச் சத்தத்தையும் காற்று கடலுக்குள்ளேயே தள்ளியது.

கரையில் புள்ளியாக இருந்த பிரிட்டோ ஓடினான், நின்றான், தோப்புக்குள் மறைந்தான். படகு தேடிப் போகிறான் என்று புத்திக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை. பற்கள் அடித்துக்கொண்டன.

குப்புறப் படுத்துக் கையால் துழாவினாள். இருநூறு எண்ணிவிட்டுத் தலையைத் தூக்கினாள். தோப்பு இன்னும் சிறிதாகியிருந்தது. அடியில் கலங்கல் போய்க் கருநீலம் வந்திருந்தது. தொங்கிக்கொண்டிருந்த கால்களை வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டாள்.

பலகையை விட்டுவிட்டு நீந்திவிட்டால்?

'போயிடலாம்டி, கரைதான் தெரியுதே' என்றது உள்ளே ஒரு குரல். விரல் தானாகவே, பலகையைக் காலோடு பிணைத்திருந்த கயிற்றின் பட்டைக்குப் போய்விட்டது. அந்த விரலைப் பார்த்தபோதுதான் அவள் நிஜமாகவே பயந்தாள். பலகையை விட்டு நீந்திப் போனவர்களைத் தேடினால் பலகைதான் கிடைக்கும்.

ஒரே வழிதான். கடல்காற்று வரும்வரை எதுவும் செய்யாமல் கிடப்பது. விங்கைக் கவிழ்த்துத் தண்ணீரில் போட்டாள், நங்கூரம் மாதிரி கொஞ்சமாவது பிடித்துக்கொள்ளட்டும் என்று. ஆனால் ஆடியில் சில நாள் கரைக்காற்றே ஜெயித்துவிடும். நேற்று கடல்காற்று வந்தது. முந்தாநாள் வரவேயில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. உதடு வெடித்தது. தோப்பைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடினாள். மூடினால் அடியில் ஏதோ நகர்வதுபோல் இருந்தது. திறந்தாள்.

காற்று நின்றது.

அவள் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. எவ்வளவு நேரமோ. பிறகு வலது கன்னம், கடல் பக்கத்துக் கன்னம், லேசாகக் குளிர்ந்தது. நம்பவில்லை. நாக்கை நீட்டி விரலை நனைத்து உயர்த்தினாள். தென்கிழக்கு!

முழங்காலில் எழுந்து விங்கைத் தூக்கினாள். தொளதொளவென்று ஆடியது, மடங்கியது, ஆனால் இழுத்தது. கரைப்பக்கமாக இழுத்தது. மடங்க மடங்க நிமிர்த்தினாள். யாரையோ திட்டினாள், அழுதாள், பிடியை மட்டும் விடவில்லை.

பாதி தூரம் வந்தபோது ஃபைபர் படகு ஒன்று எதிரே பாய்ந்து வந்தது. இன்ஜினில், மீன்பிடித்து அப்போதுதான் கரை திரும்பியிருந்த இருசப்பன் என்கிற மீனவர். முன்னால் பிரிட்டோ, முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"யம்மா, அத்த வுட்டுட்டு கையக் குடு!" என்று கத்தினார் இருசப்பன்.

"முடியலைங்க."

"இன்னா முடியல? போனாப் போவுது, வுடும்மா!"

"அதில்லைங்க... கை தொறக்க மாட்டேங்குது."

அவர் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பிரிட்டோ அவளைத் தூக்கிப் படகில் உட்காரவைத்தான்.

"குமாரி, தப்பு என்னுதுதான். நான்..."

"விங்க திருப்பி அனுப்பிடாதண்ணா," என்றாள், கண்ணை இறுக மூடியபடி. "நல்ல விங். இதான் வேணும். இப்ப வேற இன்னாவும் பேசாத. கரையில இன்னா தெரியுதோ அத்த சொல்லினே வா."

"தோப்பு தெரியுது," என்றான் பிரிட்டோ. "வலை காயுது. ஒரு ஆயா மீன் கூடைய கழுவுது. ரெண்டு நாய் நிக்குது. ஒண்ணு உக்காந்துடுச்சி..."

படகின் அடி மணலில் உரசி நின்றது.

"வந்துட்டோம் குமாரி. கண்ணத் தொற."

"இன்னும் சொல்லுண்ணா," என்றாள் அவள்.