முள்ளின் தடிமன்

என் கணவர் சுதாகர் இறந்த பிறகு அவர் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியை அவர் வைத்த இடம் சரி. எதிர்வீட்டு நாயைப் பற்றி அவர் சொன்னது சரி. உயிரோடு இருந்தவரை அவரோடு மல்லுக்கு நின்றவர்கள்கூட வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலையாட்டத் தொடங்கினார்கள். கேட்கக் கேட்க என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஷெட்டில் நிற்கும் காரைப் பார்ப்பேன். உள்ளே வருவேன். மறுபடி போவேன்.

சின்ன சிவப்புக் கார். அதற்குக் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து சூப்பர்சார்ஜர் வரவழைத்துப் பூட்டியிருந்தார். எஞ்சின் தானாக இழுக்கும் காற்று போதாதென்று, பெல்ட்டில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி. தீவில் நாங்கள் இருக்கும் டாலிகஞ்சில் வேறு யாரிடமும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அத்தோடு விட்டாரா? சைலன்சருக்கு முன்னால் புகைக்குழாயை வெட்டிக் கிளை வைத்து, அதற்கு ஒரு மூடியும் போட்டு, ஹேண்ட்பிரேக் பக்கத்தில் சுவிட்ச் வைத்தார். கட்-அவுட் என்பார்கள். மூடி திறந்தால் புகை சைலன்சருக்குள் நெரிபடாமல் நேராக வெளியேறும், எஞ்சினுக்கு மூச்சு முட்டாது, குதிரைசக்தி கூடும் என்பது அவர் கட்சி. கூடுவது சத்தம் மட்டும்தான் என்பது ஈஸ்வரன் கட்சி.

ஈஸ்வரனுக்குப் புரோத்ராபூரில் ஒர்க்‌ஷாப். காரில் பாதி வேலை அவன் கைதான். அவன் அப்பா மதுரைப் பக்கத்துக்காரர் என்றாலும் அவன் இங்கேயே பிறந்தவன். அண்ணி என்று வாயில் வராது, பாபி என்றுதான் வரும்.

சக்தியை அளக்கும் இயந்திரம் எதுவும் எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. அதனால் அவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், பாக்குத் தோட்டத்தை ஒட்டிய ஏற்றத்தின் அடியிலிருந்து கிளம்பி முழு ஆக்சிலேட்டரில் ஏற வேண்டும். மேலே சின்னப் பாலத்தைத் தாண்டும் நொடியில் ஸ்பீடோமீட்டர் முள் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. அவர் கண் சாலையில் இருக்க வேண்டும். ஈஸ்வரன் பின்சீட்டில் முனகிக்கொண்டிருப்பான். முள்ளைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

அவர் எப்போதும் முதலில் திறந்துதான் ஓட்டுவார். பொறுமை கிடையாது. இரண்டாவது தடவை மூடி ஓட்டுவார். திறந்த ஓட்டமே ஜெயிக்கும். அதற்குள் சத்தத்தில் யாராவது பெங்காலிப் பெரியவர் லுங்கியோடு சாலைக்கு வந்து நின்றுவிடுவார். மூன்றாவது ஓட்டம் என்று ஒன்று நடந்ததே இல்லை.

காற்றை அழுத்தினால் சூடாகும், முதல் ஓட்டம் ஆறிய எஞ்சினுக்கு, இரண்டாவது கொதிக்கிற எஞ்சினுக்கு, ஒரு தடவையாவது முதலில் மூடி ஓட்டிப் பாருங்கள் என்று ஈஸ்வரன் சொல்லிச் சொல்லி ஓய்ந்தான். கடைசி ஞாயிறு அதற்காகவே சண்டை முற்றி, அவனைப் பாதி வழியில் இறக்கிவிட்டு வந்துவிட்டார். அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் அவருடைய அண்ணன் ஜெகநாதன், சென்னையில் காரை வாங்க ஆள் பிடித்து, செவ்வாய்க்கிழமை சரக்குக் கப்பலில் இடமும் பிடித்துவிட்டார். பேட்டரியைச் சரிபார்க்க சனிக்கிழமை ஈஸ்வரன் வந்தான். கட்-அவுட்டைக் கழற்றிவிட வேண்டுமா என்று கேட்டேன். அவன் பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் பாபி. அண்ணா சொன்னதுதான் சரி. பவர் கூடத்தான் செஞ்சது."

இவனுமா என்று இருந்தது. இவனும் தலையாட்டிவிட்டால் அவரோடு சண்டை போட இந்தத் தீவில் ஆளே இல்லை.

"பொய் சொல்லாதே ஈஸ்வர். நாளைக்குக் காலையில் வா. முதல்ல மூடி ஓட்டு."

வந்தான். அவர் சீட்டில் உட்கார யோசித்தான், பிறகு சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தான். மூடியபடி முதல் ஓட்டம். பாலத்தில் முள், அவர் காலத்தில் நான் ஒருநாளும் பார்க்காத உயரத்தில் நின்றது. சொன்னேன். அவன் காலியான பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "வண்டியில ஒரு ஆள் கம்மி" என்றான்.

இரண்டாவது, திறந்து. சத்தத்தில் எனக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. முள் கீழேயே நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்க்காமல், போகலாமா என்று கேட்டான். அது எப்படி, இப்போது சூடு உன் பக்கம் நிற்கிறது, அவர் செய்த அதே அநியாயம்தானே இது என்றேன். பானட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். என்னால் நிற்க முடியவில்லை. பாலத்துக்கும் காருக்குமாக நடந்தேன். அவன் எஞ்சின் மேல் கை வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் ஆறிவிட்டது என்றான்.

திறந்தபடியே மூன்றாவது ஓட்டம். பாலம் தாண்டியது.

"எவ்வளவு?"

"மூடி ஓட்டினதைவிட மேலே."

"எவ்வளவு மேலே?"

"முள்ளோட தடிமன்."

காரை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தான். அவர் போன பிறகு என் முன்னால் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

"முள்ளுத் தடிமனா? இதுக்கா அண்ணா ஊரையே எழுப்பினாரு? நீங்க சாஞ்சு பாத்திருப்பீங்க பாபி, சாஞ்சு பாத்தா முள்ளு ஏறித்தான் தெரியும். அவரும் இப்படித்தான். ஒத்துக்கவே மாட்டாரு. கழுதப் பிடிவாதம்."

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது.

"நான் நேராத்தான் உட்கார்ந்திருந்தேன். அதைவிடு, போன வருஷம் சைலன்சரையும் பைப்பையும் பெரிசு பண்ணினது யாரு? நீதானே? மூடி வச்சாலே புகை தாராளமாப் போகுது. அப்புறம் திறந்து என்ன கூடும்? நெரிச்சல் இருந்தாத்தானே திறந்துவிட்டா தெரியும்? பழைய சைலன்சரையும் பைப்பையும் மாட்டி ஓட்டிப் பாரு, அப்பப் பேசு."

"மாட்டினாலும் பெரிசா ஒண்ணும் வராது" என்றான். ஆனால் விரல் ஸ்டியரிங்கில் தட்டத் தொடங்கியிருந்தது.

"இருக்கா, இல்லையா?"

"ஒர்க்‌ஷாப் பின்னாடி கிடக்கு. மாத்த ரெண்டு மூணு நாளாகும். அடுத்த ஞாயிறுதான் ஓட்ட முடியும். கப்பல் செவ்வாய்க்கிழமை பாபி."

இந்தக் கப்பல் வேண்டாம் என்று சொல்ல ஜெகநாதனுக்குப் போன் போட்டேன். அவர் எடுக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு, காரை விட்டு இறங்கி மறுபடி பாலத்தை நோக்கி நடந்தேன்.