மாசாய்க்கு வந்து சேர்ந்த தோட்டா

சந்திரமதி, மகன் படுத்திருந்த கட்டிலின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, தோட்டா சுவரைத் துளைத்து ஒரு விரற்கடை உள்ளே வந்திருந்தது. காலை ஒன்பது மணி. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த ரூபேந்திரன், மாசாய் வீட்டின் பின்னறையில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். தோட்டாவுக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு தலையணை அகலம்தான் இருந்தது. அவள் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்தாள். தோட்டா ஜன்னல் பக்கம் மூக்கைத் திருப்பியது. அலமாரிப் பக்கம் தள்ளினாள். அதுவும் அலமாரிப் பக்கம் திரும்பியது. கடையில் சேலை பார்க்கும் பெண்ணைப் போல அவசரமில்லாமல் திரும்பியது. பதினோரு வருடமாக அந்தத் தோட்டா யாரைத் தேடி வந்துகொண்டிருந்தது என்பது அந்த நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. கட்டில் காலை விட்டுவிட்டு மகனின் காலைப் பிடித்து இழுத்தாள்.

அதைச் சுட்டவர் அவள் கணவர் திருச்செல்வம். ஜொகூர் பாருவில் நகைக்கடை வைத்திருந்தவர். பக்கத்துக் கடையில் கொள்ளை நடந்த வருடம் லைசென்சுக்கு மனுப் போட்டு, போலீஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்து, கடைசியில் ஒரு மேக்னம் ரிவால்வர் வாங்கினார். ஆறு குண்டு, நாலு அங்குலக் குழல், கருநீல இரும்பு, வால்நட் மரப் பிடி. வாங்கிய முதல் மாதத்திலேயே அந்தப் பிடி அவர் உள்ளங்கைக்குத் தக்கபடி வளைந்து கொடுத்தது. மரம் அப்படிச் செய்யாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை தவறாமல் சுடும் கிளப்புக்குப் போவார். அங்கே அவருக்கு ஜோடி யூஜின். எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணியின் மகன், ஞாயிறு பூசைக்குக்கூட தோட்டா வாசனையோடு போகிற ஆள். யூஜினிடமும் அதே மேக்னம் இருந்தது. ஆனால் குழல் ஆறு அங்குலம். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் தேத்தண்ணீர் ஆடை கட்டிவிடும்.

“உன் நாலு அங்குலம் பொம்பளப் பிள்ளைங்க பைக்குள்ள வைக்கிற சாமான்பா” என்பார் யூஜின். “என்னோடது அம்பது மீட்டர்ல தேங்காய உடைக்கும்.”

“உன்னோடத இடுப்புல கட்டிக்கிட்டு கார் சீட்ல உக்காந்து காட்டு லா” என்பார் திருச்செல்வம். “குழல் தொடையில குத்தும். அப்புறம் ஃபாதர்கிட்ட என்னன்னு சொல்லுவ?”

பிஸ்டல் சிக்கிக்கொள்ளும், ரிவால்வர் சிக்காது என்பதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. ஒரு குண்டு வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு தரம் அழுத்தினால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பயிற்சிக்குச் சின்னக் குண்டு, இடுப்பில் கட்டும்போது மேக்னம் குண்டு. கார்க் கதவைத் துளைக்கும், தடுப்பதற்கு வீட்டில் ஒரு பொருளும் இல்லை, குறி வைத்த இடத்துக்குப் போகாமல் விடாது. மற்றவர்கள் மருமகளைப் பற்றிச் சொல்வதுபோல இதையெல்லாம் திருச்செல்வம் கல்யாண வீடுகளில் சொல்வார். தொளதொளத்த பாத்திக் சட்டைக்குள் அது தூங்கும். சாப்பாட்டுக் கடையில் வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவார். மகனின் பரீட்சை முடிவு வந்த அன்று கிளப்பில் இருந்தார். மகன் காலை உடைத்துக்கொண்ட அன்றும் கிளப்பில்தான் இருந்தார். துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிற நாளை மட்டும் ஒருமுறையும் மறந்ததில்லை.

அவர் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர்கள் ஷூவோடு உள்ளே வரலாம். வீட்டு ஆட்கள் மட்டும், தராசு லட்சுமி என்பதால், செருப்பைப் படியில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். ரூபேந்திரன் நடக்கப் பழகியதே அந்தப் படியில்தான்.

பதினோரு வருடத்துக்கு முன், தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தியானம், கடையில் வேறு ஆளில்லாத நேரத்தில், முகம் மறைக்கும் ஹெல்மெட்டும் மழைக் கோட்டும் போட்ட ஒருவன் பாராங் கத்தியோடு உள்ளே வந்தான். நகைப் பெட்டிகளை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகத் திருச்செல்வத்தின் இடுப்பை நோக்கிக் கையை நீட்டினான். திருச்செல்வம் எடுத்தார், சுட்டார். சத்தத்தில் தெருவிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. தோட்டா குழலை விட்டு வெளியே வந்து மூன்று முழம் போனது. அங்கேயே அந்தரத்தில் நின்றுவிட்டது. வந்தவன் அதை ஒரு நொடி பார்த்தான். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான். வெறுங்காலில் ஓடினான் என்று எதிர்க்கடைச் சீனர் சொன்னார். சத்தம் கேட்காமலிருக்கத் திருடர்கள் அப்படித்தான் வருவார்கள் என்று போலீஸ் சொன்னது. கேமராவில் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தது. தற்காப்பு என்று முடிவாகி ரிவால்வர் சில மாதத்தில் திரும்பி வந்தது. தோட்டாவை மட்டும் யாராலும் எடுத்துப் போக முடியவில்லை.

அது நிற்கவில்லை, மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. நல்ல நாளில் ஒரு கார் நீளம் போகும். சுழன்றுகொண்டே, சோற்றுப் பானை கொதிப்பதுபோலச் சின்னச் சத்தத்தோடு போகும். மழை பெய்தால் ஆவி வரும். கடைச் சுவரைத் தாண்டி, அஞ்சடி நடைபாதையைத் தாண்டி, சாலைக்கு வந்தது. நகராட்சி ஆட்கள் அதன் கீழே ஒரு ஆரஞ்சுக் கூம்பை வைத்து, தினமும் காலையில் வந்து கூம்பை ஒரு கார் நீளம் நகர்த்திவிட்டுப் போனார்கள். நின்றுகொண்டிருந்த பஸ் ஒன்றின் வழியாகப் போனபோது பயணிகள் சீட்டு மாறி உட்கார்ந்தார்கள். யூஜின் கிளப்பிலிருந்து வேகமானி எடுத்து வந்து அளந்து பார்த்தார். “செகண்டுக்கு ஆயிரத்து நானூறு அடி போக வேண்டிய சாமான்! அலமாக், செல்வம், உன் மேக்னத்துக்கு மூட்டுவலிபா” என்றார். திருச்செல்வம் சிரிக்கவில்லை. அது தேடுகிறது என்று மட்டும் சொன்னார்.

ரூபேந்திரன் அந்தத் தீபாவளிக்கே வீட்டை விட்டுக் கிளம்பி, சிகாமட்டில் வேலை தேடிக்கொண்டான். தோட்டா வடக்கே திரும்பியது. கொள்ளைக்காரன் அந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறான் என்று போலீஸ் போய்ச் சல்லடை போட்டுத் தேடியது. ரூபேந்திரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். தோட்டா தெற்கே திரும்பியது, கள்ளன் பாலத்தைத் தாண்டிவிட்டான் என்றார்கள். ஆற்று வெள்ளம், நோய்க்காலத்து ஊரடங்கு எதுவும் அதை நிறுத்தவில்லை. பிறகு ரூபேந்திரன் வேலை போய் மாசாய்க்கே திரும்பி வந்தான். தோட்டாவும் மாசாய்ச் சாலையில் வரத் தொடங்கியது. வளர்ப்பு நாய்போலத் துப்பாக்கியைத் தேடி வருகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். திருச்செல்வமும் ஆமாம் என்று தலையாட்டினார். துப்பாக்கி முன்னறை இரும்புப் பெட்டியில் இருந்தது. தோட்டா முன்னறைக்குப் போகவில்லை.

தரையில் விழுந்து விழித்த ரூபேந்திரன், தோட்டாவைப் பார்த்ததும் கத்தவில்லை. அறிமுகமான ஆளைப் பார்த்ததுபோலப் பார்த்தான். அம்மா கேட்காமலே சொன்னான்.

“அன்னைக்கு நான் கடைக்குத் தங்கத்துக்கு வரலம்மா. அந்த ரிவால்வர எடுத்துட்டுப் போயி பாலத்துலருந்து கடல்ல போடலாம்னு வந்தேன். அது இல்லாட்டி அப்பா வீட்டுல இருப்பாருன்னு நெனச்சேன்.”

சந்திரமதி அவன் முதுகில் ரெண்டு அடி வைத்தாள். பிறகு அதே முதுகைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து கணவனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். திருச்செல்வம் சட்டையைப் போட்டுக்கொண்டு யூஜினுக்கு ஃபோன் செய்தார்.

தடுக்கக்கூடிய எல்லாவற்றையும் அன்று தடுத்துப் பார்த்தார்கள். குவாலி வாணலியின் மூடி, அம்மிக்கல், யூஜின் கிளப்பிலிருந்து கொண்டுவந்த, குறி பார்த்துச் சுடும் இரும்புப் பலகை. கல்யாண வீடுகளில் திருச்செல்வம் சொன்னது ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தது. அது குவாலி மூடியைத் துளைத்தது, அம்மியைத் துளைத்தது, பலகையில் சின்ன வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு அடுத்த பக்கம் வந்தது. மறுநாள் திருச்செல்வம் சட்டையைக் கழற்றிவிட்டு மகனுக்கு முன்னால் போய் நின்றார். தோட்டா அவர் நெஞ்சு வரைக்கும் வந்தது. பெரியவருக்கு வழி விடுவதுபோல ஒதுங்கி, அவர் அக்குளுக்கடியில் புகுந்து, மறுபடி மகனைப் பார்த்துத் திரும்பியது. கடைசியாக யூஜின் சொன்னபடி, காலி ரிவால்வரின் குழல் வாயை அதற்கு நேரே பிடித்தார்கள். தோட்டா நின்றது. பதினோரு வருடத்தில் அது நின்றது அப்போதுதான். முகர்வதுபோல நடுங்கியது. பிறகு குழலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. யூஜின் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினார், அதன் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. அவருடைய ஆறு அங்குலத்தைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டதாகக் கேள்வி.

இப்போது அந்த வீட்டில் இது ஒரு வேலை. காலையில் சந்திரமதி வாசல் தெளிப்பாள், சாமி விளக்கு ஏற்றுவாள், மகனின் கட்டிலைத் தோட்டாவுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றுவாள். மத்தியானம் தூக்கத்தின் நடுவில் இன்னொரு தரம். அவன் வேலைக்குப் போனால் அது பாசிர் கூடாங் பக்கம் கிளம்பும். அவன் திரும்பினால் வந்த ஓட்டை வழியாகவே உள்ளே வரும். சுவரில் புதிய ஓட்டை விழாததால் வீட்டுக்காரர் வாடகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்த குளுவாங் ஊர்க்காரர்கள் அது என்ன என்று கேட்டார்கள். சொன்னதும், எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டார்கள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்கள். நாற்பதைத் தாண்டினால் தூக்கம் குறைந்துவிடும், அப்புறம் கஷ்டமில்லை என்று ரூபேந்திரனே அம்மாவுக்கு ஆறுதல் சொல்வான். தனக்கு முடியாமல் போனால் கட்டிலை யார் இழுப்பார்கள் என்பதை மட்டும் அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. ரூபேந்திரன் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தான் என்பது சந்திரமதிக்குத் தெரியும். ஆள் தெரியாமல் சுட்டுவிட்டேன் என்று அப்பா வாயால் ஒரு வார்த்தை. ஒரு மத்தியானம் கட்டிலை மாற்றிவிட்டு முன்னறைக்கு வந்தாள். திருச்செல்வம் பேப்பர் விரித்து ரிவால்வருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க. ஹெல்மெட்டு, மழைக் கோட்டு. உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம். அத அவன்கிட்ட ஒரு தடவ சொல்லுங்களேன். புள்ள நிம்மதியா தூங்குவான்.”

அவர் குண்டு உருளையைச் சுழற்றினார். அது சத்தமில்லாமல் சுழன்று நின்றது.

“படியில செருப்பு கெடந்துச்சு” என்றார். “நீலப் பட்டை. அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. போலீஸ் வர்றதுக்குள்ள எடுத்து உள்ள வச்சிட்டேன்.”

பின்னறையில் தோட்டா கொதிக்கும் சத்தம் கேட்டது. சந்திரமதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“சுட்டதுக்கு அப்புறம்தானே பாத்தீங்க?”

திருச்செல்வம் துணியை மடித்து வைத்தார்.

“முன்னாடியே.”